சுண்டெலித் தோல்ல கிடைச்ச ஒரு ஜீனும் என் இடுப்புப் படர்தாமரையும்

கோச்சடையில எங்க வீட்டு மொட்டை மாடியில உக்காந்து பேசுறேன். மேலக்கால் ரோட்டு பஸ் ஹார்ன் நடுவுல கேட்டா பொறுத்துக்கங்க.

இன்னிக்கு விஷயம் கொஞ்சம் வெக்கமான விஷயம். ஆனா கேக்குற உங்கள்ல பல பேருக்கு இது இருந்திருக்கும். போன சித்திரையில என் இடுப்புல, பேன்ட் இறுக்குற இடத்துல, ரூபாய் நாணயம் மாதிரி வட்டமா ஒரு சிவப்பு. ஓரம் மேடா இருந்துச்சு, நடுவுல தெளிஞ்சு இருந்துச்சு. படர்தாமரை. ராத்திரி அரிப்பு தாங்க முடியல.

நேரா ஒரு மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். "அண்ணே, இடுப்புல ஒரே அரிப்புண்ணே." அவர் பார்க்கக்கூட இல்ல. "இந்த ட்யூபை வை தம்பி, ரெண்டு நாள்ல நின்னுரும்." நெசமாவே நின்னுருச்சு! ட்யூப் தீர்ந்த அடுத்த வாரம் திரும்ப வந்துச்சு, ரெண்டு மடங்கா. மறுபடி ட்யூப். இப்படி நாலு ட்யூப். கடைசியில தொடை வரைக்கும் இறங்குச்சு, எங்கம்மா முழங்கையிலயும் ஒரு வட்டம் வந்துச்சு. அப்பத்தான் தோல் டாக்டர்கிட்ட போனேன்.

அவங்க ட்யூபை வாங்கிப் படிச்சாங்க. ஒரே களிம்புக்குள்ள மூணு மருந்து: ஒரு ஸ்டீராய்டு, ஒரு பூஞ்சைக்கொல்லி, ஒரு ஆன்டிபயாட்டிக். அப்புறம் ஒண்ணு சொன்னாங்க: "தீயை அணைக்கல தம்பி. அலாரத்தை அணைச்சிருக்கீங்க."

அந்த அலாரம் எது? அதைத் தேடிப் போனதுதான் இந்த எபிசோட்.

அலாரம் எங்க இருக்கு?

நம்ம தோலோட மேலடுக்குல லாங்கர்ஹான்ஸ் செல்கள்னு ஒரு வகை நோய் எதிர்ப்புச் செல்கள் இருக்கு. கிளை கிளையா கைகளை நீட்டிக்கிட்டு, தோல் செல்களுக்கு நடுவுல காவலுக்கு நிக்கும். சுண்டெலித் தோல்லயும் இதே செல்கள் உண்டு. எலித் தோல்ல இருந்து எடுத்து ஆய்வகத்துல வளர்த்த இப்படிப்பட்ட செல்கள வச்சு, அமெரிக்காவுல டல்லாஸ்ல ஒரு ஆய்வுக் குழு ஒரு கேள்வி கேட்டுச்சு: மத்த செல்கள்ல இல்லாம, இந்தச் செல்கள்ல மட்டும் அதிகமா வேலை செய்யுற ஜீன் எது? அப்படிச் சலிச்சு எடுத்ததுல ஒண்ணுதான் டெக்டின்-1. 2000ஆம் ஆண்டு அதை வெளியிட்டாங்க. செல்லோட மேற்பரப்புல நீட்டிக்கிட்டு இருக்குற ஒரு ஏற்பிப் புரதத்துக்கான ஜீன் அது.

இதுல ஒரு வேடிக்கை. கண்டுபிடிச்சவங்க அதைப் பூஞ்சைக்கான ஏற்பின்னு நினைக்கல. டி செல்களோட பேசுறதுக்கான கருவின்னு நினைச்சாங்க. அடுத்த வருஷம், 2001ல, ஆக்ஸ்ஃபோர்டுல கார்டன் பிரவுனும் சைமன் கார்டனும் வேற ஒரு திசையில இருந்து வந்தாங்க. ஈஸ்ட் செல்சுவர்ல பீட்டா-குளுக்கான்னு ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கு. அதைப் பிடிச்சுக்கிற ஏற்பி எதுன்னு தேடுனா, அதே டெக்டின்-1தான் வந்து நின்னுச்சு.

ஏன் இது முக்கியம்? பீட்டா-குளுக்கான் பெரும்பாலான பூஞ்சைகளோட செல்சுவர்ல உண்டு. மனுஷ செல்கள்ல கிடையாது. அப்ப அது தெரிஞ்சாலே "வந்திருக்கிறது நம்ம ஆள் இல்ல"ன்னு அர்த்தம். டெக்டின்-1 அதைப் பிடிச்சதும் செல்லுக்குள்ள சிக் அப்படின்னு ஒரு நொதி முடுக்கி விடப்படும். அது கார்டு-9ங்கிற புரதத்துக்குச் செய்தியைக் கடத்தும். அங்கிருந்து செல்லோட கருவுக்குப் போய், அழற்சிக்கான ஜீன்களைத் திறந்துவிடும். இன்டர்லூகின்-17 மாதிரியான தூதுப் பொருட்கள் கிளம்பும், நியூட்ரோஃபில் வெள்ளையணுக்கள் ஓடி வரும். நமக்கு வெளியில தெரியுறது சிவப்பு, அரிப்பு. எரிச்சலா இருக்கும், ஆனா அது காவல் வேலை நடக்குதுன்னு அர்த்தம்.

பூஞ்சையும் சும்மா இல்ல. காத்துல பறக்குற ஆஸ்பர்ஜில்லஸ் வித்து, மேல ஒரு புரதப் போர்வையைப் போட்டு பீட்டா-குளுக்கானை மறைச்சுக்கும். முளைக்கும்போதுதான் போர்வை கிழியும், காவல்காரனுக்கு ஆள் தெரியும்.

எலிக்குச் சரி, நமக்கு?

2007ல டெக்டின்-1 ஜீன் நீக்கப்பட்ட எலிகளைப் பத்தி ரெண்டு ஆய்வு, ஒரே இதழ்ல வந்துச்சு. ஒரு குழு, இந்த ஜீன் இல்லாட்டி எலியால கேண்டிடா பூஞ்சையைச் சமாளிக்க முடியலன்னு சொன்னாங்க. இன்னொரு குழு, கேண்டிடாவுக்கு இது தேவையே இல்லன்னாங்க. ரெண்டு பேரும் பொய் சொல்லல. கேண்டிடாவிலேயே ரகத்துக்கு ரகம் செல்சுவர் மாறுது, அதுக்கேத்த மாதிரி முடிவும் மாறுதுன்னு பின்னாடி தெரிஞ்சது.

2009ல மனுஷங்க கிட்ட இருந்து பதில் வந்துச்சு. நெதர்லாந்துல ஒரு குடும்பத்துல, டெக்டின்-1 புரதம் முழுசா உருவாகாம பாதியில நிக்குற ஜீன் மாற்றம் இருந்துச்சு. அந்தக் குடும்பத்துப் பெண்களுக்குப் பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்றும் நகப் பூஞ்சையும் திரும்பத் திரும்ப வந்துச்சு. ஆனா உயிருக்கு ஆபத்தான தொற்று வரல, ஏன்னா உடம்புல வேற காவல்காரங்களும் இருக்காங்க. கார்டு-9 ஜீன் ரெண்டு பிரதியும் பழுதானவங்க கதை வேற. வட ஆப்பிரிக்கக் குடும்பங்கள்ல, சாதாரணமா தோல் மேலேயே நிக்கிற படர்தாமரைப் பூஞ்சை ஆழமா இறங்கி, சிலரோட உயிரையே எடுத்திருக்கு. 2013ல இது பதிவாச்சு.

இப்ப என் ட்யூபுக்கு வருவோம். ஸ்டீராய்டு டெக்டின்-1ஐ அழிக்காது. அது கடத்துற செய்தி கருவுல போய்ச் சேர்ற இடத்துல கையை வச்சு அமுக்கும். சிவப்பு போயிரும், அரிப்பு போயிரும், பூஞ்சை நிம்மதியா பரவும். வட்ட வடிவமே கலைஞ்சு, டாக்டருக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு மாறும். இதுக்கு 1968லயே பேர் வச்சுட்டாங்க: டினியா இன்காக்னிட்டோ. மாறுவேஷத்துல திரியுற படர்தாமரை.

மதுரைக்கும் பூஞ்சைக்கும் பழைய கணக்கு

உலக மருத்துவப் புத்தகங்கள்ல நம்ம ஊர் பேர்ல ஒரு நோயே இருக்கு, 'மதுரா ஃபுட்'. செருப்பில்லாத காலுல முள்ளு குத்துன வழியா கிருமி இறங்கி, வருஷக்கணக்குல பாதம் வீங்கி, புண்ணுல இருந்து குருணை குருணையா வரும். 1842ல மதுரையில வேலை பார்த்த ஜான் கில்ங்கிற டாக்டர் அதை விவரிச்சார். 1860 வாக்குல வான்டைக் கார்ட்டர் அது பூஞ்சையால வருதுன்னு காட்டினார். சில வகை பாக்டீரியாவாலயும் வரும்னு பின்னாடி தெரிஞ்சது.

இன்னொண்ணு கண்ணு. கோச்சடையில இருந்து சோழவந்தான் பக்கம் போனா ரெண்டு பக்கமும் வயல். அறுப்புல நெல்லுத் தாளோ உமியோ கண்ணுல பட்டா, கருவிழியில பூஞ்சைப் புண் வரலாம். அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு இப்படி நிறைய விவசாயிகள் வர்றாங்க. அங்க மாற்றுக் கருவிழி பொருத்தும்போது எடுத்த, பூஞ்சை தாக்குன திசுக்களை ஆராய்ஞ்சப்ப, டெக்டின்-1 ஜீன் கூடுதலா வேலை செய்யுறது தெரிஞ்சது. எலித் தோல்ல கிடைச்ச அதே ஜீன், நம்ம ஊர் விவசாயி கண்ணுல!

கண்ணுல ஒரு சிக்கல் உண்டு. ஓடி வர்ற நியூட்ரோஃபில்கள் பூஞ்சையைக் கொல்லும்போது கருவிழியோட தெளிவையும் கெடுக்கும். அலாரம் வேணும், அளவோட வேணும். அதுக்காக நாமளே கடையில ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி ஊத்தக்கூடாது. பார்வையே போயிரலாம்.

இது என் இடுப்போட முடியுற கதை இல்ல

2020ல ஒரு புதுப் படர்தாமரைப் பூஞ்சைக்கு டிரைக்கோஃபைட்டான் இண்டோடினியேன்னு பேர் வச்சாங்க. பேர்லயே இந்தியா இருக்கு. வழக்கமான டெர்பினஃபைன் மாத்திரைக்கு இதுல பல ரகங்கள் மசியறதில்ல. 2023ல நியூயார்க்ல ரெண்டு பேர்கிட்ட கண்டுபிடிச்சாங்க. இது பரவ ஸ்டீராய்டு கலந்த களிம்புகளும் ஒரு காரணம்னு தோல் மருத்துவர்கள் தொடர்ந்து சொல்றாங்க. 2018 மார்ச்ல மத்திய அரசு 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளை, டாக்டர் சீட்டு இருந்தாத்தான் விக்கணும்னு சொல்ற அட்டவணைக்குள்ள கொண்டு வந்துச்சு. சட்டம் இருக்கு. கடையில என் கைக்கு ட்யூப் எப்படி வந்துச்சுன்னு நீங்களே பார்த்தீங்க.

எனக்கு டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்ல பார்த்தாங்க, பூஞ்சைதான். ஸ்டீராய்டை நிறுத்தினதும் அரிப்பு முன்னைவிட மோசமாச்சு. அலாரம் திரும்ப அடிக்குதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். ரெண்டு மாசத்துக்கு மேல மாத்திரை. அம்மாவுக்கும் சேர்த்து. துண்டு தனித்தனி, துணி வெந்நீர்ல, வெயில்ல காய வைக்கணும். சிவப்பு மறைஞ்ச பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் நிறுத்தல.

உங்க வீட்டு அலமாரியில பாதி அமுக்குன ஒரு ட்யூப் கிடக்கும். இப்பவே எடுத்து, பின்னாடி பொடி எழுத்தைப் படிங்க. குளோபெட்டசால், பெக்லோமெத்தசோன், பீட்டாமெத்தசோன், இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா அது ஸ்டீராய்டு. பாதியில இருந்தா நீங்களா முடிவெடுக்காம டாக்டர்கிட்ட காட்டுங்க. அரிப்பு நின்னதும் வியாதி போச்சுன்னு நினைச்சு நான் நாலு ட்யூப் தீர்த்தேன். நீங்க அஞ்சாவதா ஒண்ணு வாங்காதீங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே.