முழங்கால் ஆழக் கடலில் ஒரு புதுப் படகு

வரைபடத்தில் பார்த்தால் டெக்சஸ் மாநிலத்து ரெட்ஃபிஷ் பே பெரிய விரிகுடாவாகத்தான் தெரிகிறது. இறங்கி நடந்தால் பல இடங்களில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறுவதில்லை. அரான்சஸ் பாஸ் ஊரை ஒட்டிச் சுமார் 32,000 ஏக்கரில் விரிந்து கிடக்கிற நீர்ப்பரப்பு இது. அதில் ஏறக்குறைய 14,000 ஏக்கர் கடற்புல். டெக்சஸ் கடற்கரையில் உள்ள ஐந்து வகைக் கடற்புல்லும் இந்த ஓரிடத்தில் வளர்கின்றன. இறால் குஞ்சும் நண்டும் புல்லுக்குள் ஒளிந்து வளர, அவற்றைத் தின்ன ரெட்ஃபிஷ் வருகிறது. ரெட்ஃபிஷ்ஷைத் தேடி மனிதர்கள் வருகிறார்கள்.

அவர்கள் எதில் ஏறி வருகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் இந்தப் புல்லின் ஆயுள். இவ்வளவு குறைந்த ஆழத்தில் மோட்டார் படகு ஓடினால் புரொப்பெல்லர் தரையையே உழுதுவிடும். புல் வேர்த்தண்டோடு பிய்ந்து, நீண்ட வெளிறிய தடங்கள் விழும். ஆமைப்புல் எனும் வகை மிக மெதுவாகப் பரவுவது. அதில் விழுந்த தடம் மூட ஆண்டுக்கணக்கில் ஆகும். 2000ஆம் ஆண்டில் மாநிலப் பூங்கா, வனவிலங்குத் துறை இதை அறிவியல் காப்புப் பகுதியாக அறிவித்தது. படகோட்டிகள் தாங்களாகவே ஒதுங்கிப் போகட்டும் என்று முதலில் விட்டுப் பார்த்தார்கள். பலன் போதவில்லை. 2006இல் இங்கே புல்லைப் பிய்ப்பது குற்றமாயிற்று. 2013இல் மாநிலக் கடற்கரை முழுவதற்கும் அந்தச் சட்டம் வந்தது.

மீன்பிடி கயாக் எனும் சிறு துடுப்புப் படகு இந்தக் கரையில் இத்தனை பேர் கைக்கு வந்ததற்கு விலை, உடற்பயிற்சி, தனிமை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் புல்தான் முதல் காரணம். நாலைந்து அங்குலத் தண்ணீர் இருந்தால் போதும், ஆளோடு மிதந்துவிடும். அடியில் சுழல்வது எதுவும் இல்லை. எனவே புதிதாக வாங்கிய கயாக்கைச் சோதிக்க ஆழமான ஏரி எதையும் நான் தேடவில்லை. இந்த விரிகுடாவை ஒட்டிய லைட்ஹவுஸ் லேக்ஸ் பகுதிக்கே கொண்டுபோனேன்.

படகின் நீளம் 12 அடி, அகலம் 35 அங்குலம், எடை 80 பவுண்டுக்குக் கிட்டே. பாலிஎத்திலீன் தூளை உலோக அச்சில் போட்டு, சூளையில் சுழற்றிச் சுழற்றி உருக்கி எடுத்த ஒரே வார்ப்பு. எங்கும் ஒட்டு கிடையாது. ஆர்க்டிக் மக்கள் சீல் தோலால் செய்த கயாக்கில் இடுப்புவரை உள்ளே நுழைந்து உட்கார வேண்டும். 1970களில் கலிபோர்னியாவில் உருவான வகையில் மேலேயே ஏறி உட்காரலாம். அலை ஏறினால் தளத்தில் உள்ள துளைகள் வழியே தண்ணீர் தானாக வடிந்துவிடும். கட்டுமரத்தில் கால் வைத்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கவே வேண்டாம். இப்போதைய மீன்பிடி கயாக்குகள் எல்லாம் அந்த வகையின் வாரிசுகள்தான். நாற்காலி, தூண்டில் செருகும் குழாய், சுக்கான் எல்லாம் பின்னால் வந்து சேர்ந்தவை.

கூட வந்தவர் தூத்துக்குடிக்காரர். கார்பஸ் கிறிஸ்டியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் வேலை. அவருடையது மிதி கயாக். கால்களை மாற்றி மாற்றி மிதித்தால் அடியில் உள்ள துடுப்புத் தகடுகள் இடமும் வலமும் வீசி படகைத் தள்ளும். ஹோபி நிறுவனம் 1997இல் அறிமுகப்படுத்திய ஏற்பாடு இது. பென்குயின் தண்ணீருக்குள் இறக்கையை வீசும் விதம்தான் அதற்கு முன்மாதிரி. ஹைவே 361 ஓரத்திலிருந்து கிளம்பினால், ஏரிகளுக்குள் நுழையுமுன் அரான்சஸ் கால்வாயைக் குறுக்கே கடந்தாக வேண்டும். இறால் படகுகளும் வேகப் படகுகளும் போகும் பாதை. அங்கே அவர் முன்னால் பறந்தார். நான் துடுப்பு வலித்துப் பின்தொடர்ந்தேன். 35 அங்குல அகலத்தை இழுத்துக்கொண்டு போவது லேசான வேலை இல்லை. தென்கிழக்குக் காற்று எதிரே அடித்தால் தோள்பட்டை அதை மறக்கவிடாது.

காற்றை எதிர்த்துக் கிளம்பியதற்குக் காரணம் உண்டு. டெக்சஸ் கரையில் வசந்தம் தொடங்கி கோடை முடியத் தென்கிழக்குக் காற்றுதான் ஆட்சி. பகல் ஏற ஏற வலுக்கும். உடம்பில் தெம்பு இருக்கும்போதே அதை எதிர்த்துப் போய்விட்டால் திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வந்து கரை சேர்க்கும். நீர்மட்டமும் பெரிதும் அதன் கையில்தான். இங்கே ஓத ஏற்ற இறக்கம் ஓர் அடிக்குப் பக்கம். பல நாள்களில் சந்திரனைவிடக் காற்றுதான் தண்ணீரை ஏற்றுகிறது, வடிக்கிறது.

கால்வாயைத் தாண்டி அலையாத்தித் திட்டுகளுக்குள் நுழைந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. தண்ணீர் ஓர் அடிக்கும் கீழே போனது. நண்பரின் தகடுகளில் புல் சிக்கியது. எடுத்துப் போட்டார், மறுபடியும் சிக்கியது. கடைசியில் மிதியை மேலே தூக்கிக் கட்டிவிட்டு அவரும் துடுப்பை எடுத்தார். மிதி படகின் பெரிய வரம் கை இரண்டும் தூண்டிலுக்கு மிஞ்சுவது. ஆழமான நீரில் அதற்கு இணை கிடையாது என்று நானும் ஒப்புக்கொள்வேன். புல்தரைக்கு அது ஏற்றதில்லை. மீன் இருக்கும் இடத்தில் மடக்கி வைக்க வேண்டிய கருவிக்குக் கூடுதலாக ஆயிரம் டாலருக்கு மேல் கொடுப்பதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

“எழும்பி நிக்க முடியுதா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

இந்தப் படகை வாங்கியதே அதற்காகத்தான். ஆழமற்ற நீரில் உட்கார்ந்த நிலையில் கண்ணில் படுவது வானத்தின் பிரதிபலிப்பு மட்டும். எழுந்து நின்றால் பார்வை செங்குத்தாக இறங்குகிறது. போலரைஸ்டு கண்ணாடியும் போட்டுக்கொண்டால் புல்லின் ஒவ்வோர் இழையும், இடையிலுள்ள வெள்ளை மணல் குழிகளும் துலங்குகின்றன. மீனைக் கண்ணால் பார்த்த பிறகு தூண்டில் வீசுவதுதான் இந்த வகை மீன்பிடிப்பின் உயிர்நாடி.

படகின் உறுதி இரண்டு வகை. தட்டையாக அசையாமல் நிற்பது ஒன்று. சாயும்போது கவிழாமல் தாங்கிப் பிடிப்பது மற்றொன்று. அகலமான தட்டையடிப் படகில் முதலாவது அதிகம். நிற்கத் தைரியம் வரும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் சாய்ந்தால் அது எச்சரிக்காமல் கவிழ்த்துவிடும். குறுகிய உருண்டையடிப் படகு ஏறியதிலிருந்தே ஆடும். ஆனால் நன்றாகச் சாய்ந்த பிறகும் தாங்கிப் பிடிக்கும். என் படகின் அடிப்பாகம் நடுவில் குழிந்து இரு ஓரங்களும் தடித்திருக்கிறது. எடை இரண்டு பக்கமும் பிரிந்து விழுகிறது. நாற்காலிக்கு முன்னால் கட்டிய வாரைப் பிடித்து எழுந்தேன். கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, தொடுவானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். காலடியைப் பார்த்தால்தான் தடுமாற்றம். பக்கவாட்டில் வீசிப் பார்த்தேன், திரும்பி நின்றேன், ஒரு காலில் எடையைச் சாய்த்தேன். படகு தாங்கிற்று. நிற்பதில் முழு மதிப்பெண் தருகிறேன்.

சத்தத்தில் தரமாட்டேன். மீனுக்கு உடம்பின் இரு பக்கமும் அதிர்வை உணரும் பக்கக்கோடு ஓடுகிறது. ஓர் அடித் தண்ணீரில் மெல்லிய அதிர்வும் அதற்கு எட்டிவிடும். இந்தப் படகின் முகப்பு அகலமாக இருப்பதால் சிற்றலைகள் அதன் அடியில் போய்த் தப் தப்பென்று அறைகின்றன. நாற்காலிச் சட்டம் எடை மாறும்போதெல்லாம் முனகுகிறது. குறடு ஒன்று தளத்தில் விழுந்தது. முப்பது அடிக்கு அப்பால் தண்ணீர் வீங்கி, ஒரு மீன் சேற்றுப் புகையை விட்டுவிட்டு ஓடியது. வெற்றுப் பிளாஸ்டிக் தளம் பறை போல அதிர்வதால் மென்மையான ஃபோம் விரிப்பு ஒட்டுவது அவசியம். நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் துண்டு வைத்தால் முனகல் அடங்கும். முகப்பை ஒன்றும் செய்ய முடியாது. காற்றுக்கு நேராக நிறுத்தாமல் கொஞ்சம் கோணலாகப் போகலாம், அவ்வளவுதான்.

காற்றோடு மிதக்கும்போது படகை நிறுத்த நங்கூரம் வேண்டாம். நங்கூரம் புல்லை வாரிக்கொண்டு வரும். தளத்துத் துளை வழியே மெல்லிய ஃபைபர் கழியைச் சேற்றில் குத்தி, கயிற்றால் படகைக் கட்டிவிடலாம். உருவினால் விரல் பருமன் துளை மட்டும் மிஞ்சும்.

அப்படி நிறுத்தியிருந்தபோதுதான் வாலைப் பார்த்தேன். தண்ணீருக்கு மேல் உள்ளங்கை அகலத்தில் செம்பு நிறம். ஓரத்தில் மங்கிய நீலம். அடியில் கண் போன்ற கறுப்புப் புள்ளி. மீன் தலைகீழாக நின்று புல்லுக்குள் மூக்கை நுழைத்து நண்டு தேடிக்கொண்டிருந்தது. ரெட்ஃபிஷ் நம் ஊர்க் கத்தாளைக் குடும்பத்தைச் சேர்ந்தது. காற்றுப்பையை அதிர வைத்து முரசு போல ஒலி எழுப்புவதால் ‘ரெட் டிரம்’ என்பது நூல்களில் உள்ள பெயர். தலை மேல் இரை விழுந்தால் ஓடிவிடும். அதைத் தாண்டி, அது போகும் திசைக்கு முன்னால் தங்க நிற ஸ்பூன் எனும் போலி இரையை வீசி மெதுவாக இழுத்து வந்தேன். முள்ளின் மேல் கம்பிக் காப்பு உள்ள ஸ்பூன் என்பதால் புல் சிக்கவில்லை. வால் மறைந்தது, தங்கூசி பக்கவாட்டில் வெட்டியது, ரீல் அலறியது.

கயாக்கில் மீன் மாட்டினால் படகும் சேர்ந்து போகிறது. உட்கார்ந்து, கழியை உருவி, அது இழுத்த பக்கமெல்லாம் போனேன். களைத்து வந்ததும் அளவுப் பலகையில் கிடத்தி, வாயை மூடி, வாலிதழ் இரண்டையும் சேர்த்துப் பிடித்து அளந்தேன். டெக்சஸில் அப்படித்தான் அளக்க வேண்டும். 24 அங்குலம். 20 முதல் 28 அங்குலம் வரை உள்ளதை வைத்துக்கொள்ளலாம், ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று. அதைவிடச் சின்னது வளரட்டும் என்றும், பெரியது வெளியே வளைகுடாக் கடலுக்குப் போய் முட்டையிடட்டும் என்றும் விட்டுவிட வேண்டும். பெரிய மீன் ஒன்றை உரிமத்தோடு வரும் சீட்டைக் கட்டி எடுத்துக்கொள்ளலாம்.

இந்த மீன் இங்கே மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். 1970களில் வலைகளும் தூண்டில்களுமாகச் சேர்ந்து கூட்டத்தைக் கரைத்துவிட்டன. 1981இல் டெக்சஸ் இயற்கை நீரில் பிடித்த ரெட்ஃபிஷ் விற்பனையைத் தடை செய்தது. அதே பத்தாண்டில் நியூ ஆர்லியன்ஸ் சமையல் கலைஞர் பால் புரூடோம் மசாலா தடவிக் கருக்கிப் பொரித்த ரெட்ஃபிஷ் நாடெங்கும் பரவியது. வளைகுடாவின் பெரிய மீன்களை வலையில் அள்ளத் தொடங்கியதும் கூட்டாட்சி அரசும் தன் பகுதிக் கடலில் கதவை மூடியது. கார்பஸ் கிறிஸ்டியில் உள்ள அரசுப் பண்ணையில் பொரித்த குஞ்சுகளை இந்த விரிகுடாக்களில் விட்டு வருகிறார்கள். 2021 பிப்ரவரிக் குளிரில் டெக்சஸ் கரையில் குறைந்தது 38 லட்சம் மீன்கள் செத்தன. இங்கே அலையாத்திகளும் கருகின. பட்டுப்போன கட்டைகளுக்கு இடையே இப்போது புதுத் துளிர்களைப் பார்க்கும்போது, இவ்வளவையும் தாங்கிய இடத்தில் நாம் ஒரு கீறல்கூட விட்டுச் செல்லக் கூடாது என்றுதான் தோன்றுகிறது.

தண்ணீரில் இறங்கி நடக்க வேண்டி வந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடக்க வேண்டும். திருக்கை மணலுக்குள் புதைந்து கிடக்கும். கால் உரசினால் விலகிப் போகும், மேலே மிதித்தால் வால் முள்ளால் குத்தும். சிப்பிப் பாறைகள் கத்தி போல வெட்டும், தடித்த காலணி இல்லாமல் இறங்கக் கூடாது. ஏரிகளுக்குள் ஒரு திட்டுக்கும் இன்னொரு திட்டுக்கும் வித்தியாசமே தெரியாது. எண்ணிட்ட வழிக்கம்பங்கள் உண்டு. அவற்றுக்கு நடுவே திசை தவறினால் 1857இல் கட்டிய செங்கல் கலங்கரை விளக்கம் கிழக்குப் பக்கத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. லைஃப் ஜாக்கெட்டைப் பின்னால் கட்டி வைப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். சட்டப்படி படகில் இருந்தால் போதும்தான். கால்வாயில் பெரிய படகின் அலை பக்கவாட்டில் வந்து அறையும்போது அதை எடுத்து மாட்ட நேரம் இருக்காது; உடம்பில் போட்டுக்கொண்டே கிளம்புங்கள்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சொல்ல ஒன்றிரண்டு உண்டு. முதலில் உங்கள் காரின் கூரை உயரத்தையும் உங்கள் முதுகையும் யோசியுங்கள். 80 பவுண்டைத் தனியாளாக ஏற்ற முடியாது என்றால் சிறு சக்கர வண்டியின் விலையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 260 சென்டிமீட்டருக்குக் குறைந்த துடுப்பு இந்த அகலத்துக்கு எட்டாது, முழங்கை படகில் இடிக்கும். கடை விளக்கின் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள். தண்ணீரில் ஓட்டிப் பார்க்க விடும் கடைகள் இருக்கின்றன. காற்றில்லாத நாளில் எல்லாப் படகும் நல்ல படகாகவே தெரியும், அதனால் காற்றடிக்கும் நாளாகப் பார்த்து, ஆழமில்லாத இடமாகக் கேட்டு, எழுந்து நின்று பாருங்கள்.