கியர் விழவில்லையா? கிளட்ச்சைப் பாருங்கள்

பாரிஸ் லா சப்பலில் ஃபோபூர் சன் துனி வீதி நெடுக வான்கள் மரக்கறியும் அரிசி மூட்டையும் இறக்கும் நேரத்தில், மோட்டார் சைக்கிளில் போகிறவரின் இடது கைக்கு ஓய்வில்லை. ஊர்ந்து வந்து சிவப்பு விளக்கில் நின்றால் நியூட்ரல் அகப்படாது. மேலே தட்டினால் இரண்டாம் கியர், கீழே மிதித்தால் முதலாம் கியர். கியர்பெட்டி போய்விட்டதென்று மனம் பதறும். பெரும்பாலும் பெட்டி நன்றாகவே இருக்கும், பழுது கிளட்ச்சில்.

யாழ்ப்பாணத்தில் எம்.டி. 90 ஓடிப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிது. ஜப்பானியத் தபால்காரர்களுக்கென்று ஹொண்டா செய்த அந்த வண்டியில் கிளட்ச் பிடியே கிடையாது. கால் கியர் மிதியை அழுத்தும்போதே கிளட்ச்சும் விடுபடும். 1958இல் வந்த ஹொண்டா சுப்பர் கப்பின் அருமையான ஏற்பாடு அது. இங்கே கார் லைசன்சோடு 7 மணி நேரப் பயிற்சி எடுத்து நம்மவர்கள் ஓடும் 125 சிசி கியர் வண்டிகளில் அந்த வேலை இடது கைக்கு.

கிளட்ச் என்பது ஒயிலில் நனைந்தபடி நெருங்கி அடுக்கிய தட்டுகள். பிடியை இழுத்தால் கேபிள் அவற்றைப் பிரித்து எஞ்சினின் இழுவையை அறுக்க வேண்டும். நாளடைவில் கேபிள் நீண்டு தொய்ந்தால் தட்டுகள் முழுதாகப் பிரியா. கியர்ப் பற்கள் சுமையோடு ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்கும், மிதிக்கு அசையாது. கண்டுபிடிப்பது எளிது. எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் மெல்ல உருட்டியபடி மிதித்துப் பாருங்கள். அப்போது நியூட்ரல் சுலபமாக விழுந்தால் பழுது கிளட்ச்சில்தான். பல வண்டிகளில் பிடியின் நுனி 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை சும்மா ஆட வேண்டும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிட்டால் தட்டுகள் வழுக்கும்: எஞ்சின் அலறும், வேகம் ஏறாது, தட்டு கருகும்.

ஒயிலில் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஒயில். உராய்வைக் குறைக்கும் சேர்மானமுள்ள கார் ஒயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். எம்பி என்றிருப்பது ஸ்கூட்டர்களுக்கு.

பெட்டியே பழுதானால் அடையாளம் வேறு. வேகமெடுக்கும்போது கியர் தானாகக் கழன்று துள்ளும். பற்களின் முனை மழுங்கியிருக்கும், அல்லது அவற்றை நகர்த்தும் ஃபோர்க் வளைந்திருக்கும். எஞ்சினைப் பிரிக்காமல் அது தீராது. அரைகுறையாக மிதிப்பதும், ஓடும்போது காலை மிதியிலேயே வைத்திருப்பதும்தான் பெட்டியை இந்த நிலைக்குக் கொண்டுவருபவை. முழுதாக மிதித்து உடனே காலை எடுத்துவிடுங்கள். கராஜுக்குப் போனால் ‘கியர் பிழை’ என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கியரில், எஞ்சின் சூடேறும் முன்பா பின்பா என்பதையும் சொல்லுங்கள். எதைக் கழற்ற வேண்டும், எதைத் தொடத் தேவையில்லை என்று மெக்கானிக்குக்கு அதிலேயே பிடிபடும்.