தாலாட்டு ஏன் விக்குகிறது?

அப்பாவின் பழைய கேசட்டுகளை டிஜிட்டலாக்கி நாஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன். பாட்டி பாடிய தாலாட்டும் அதில் உண்டு, வேறெங்கும் கிடைக்காதது. மகளைத் தூங்க வைக்கும் நேரம் பார்த்து அது விக்கி விக்கி வரும். "இன்டர்நெட் ஸ்பீடு பத்தல, பெரிய பிளான் போடு" என்றார்கள் நண்பர்கள். வீண் செலவு! சிடி தரத்துக்கே நொடிக்கு 1.4 மெகாபிட்தான். தவிர, பாட்டு வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை.

முதலில் நாஸை ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள். வைஃபையில் இருந்தால் ஒரே பாட்டு காற்றில் இரண்டு தடவை போகும்: நாஸிலிருந்து ரவுட்டருக்கு, அங்கிருந்து ஸ்பீக்கருக்கு. எங்களுக்குப் பாதி விக்கல் அதிலேயே போச்சு. மீதிக்குக் காரணம், பால் சூடாக்கும் மைக்ரோவேவ். அதுவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம்தான் இரையும். ஸ்பீக்கரை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். முதல் பாட்டு மட்டும் தாமதித்தால் கவலை வேண்டாம், தூங்கின ஹார்ட் டிஸ்க் எழுந்திருக்கிறது.