கூலியும் ஏறியது, எடையும் ஏறியது

அறுவடைக் காலத்தில் விடிந்தும் விடியாத நேரத்திலேயே கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஜீப்புகள் முனகிக்கொண்டு ஏறுகின்றன. உள்ளே தேனி மாவட்டப் பெண்கள், நெருக்கியடித்துக்கொண்டு. மடியில் மதியச் சோற்றுத் தூக்கு. போகுமிடம் இடுக்கி மாவட்டத்து வண்டன்மேட்டின் ஏலத் தோட்டங்கள். காய் பிடிப்பது தரையையொட்டிய சரங்களில். குந்தியபடியே நகர்ந்து, முற்றிய காயாகப் பார்த்துப் பறிக்க வேண்டும்.

தொண்ணூறுகளில் ஞள்ளாணி ரகம் பரவியபோது இந்த வேலையின் அளவே மாறிப்போனது. இடுக்கி விவசாயி ஒருவர் கண்டெடுத்த அந்த ரகம் பழைய செடிகளைவிடப் பல மடங்கு காய்த்தது. காய் கூடினால் எடுப்பு கூடும். சுமையும் மருந்தடிப்பும் கூடவே வரும். 2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. கூலி முடிவாவதோ வேறு மேஜையில். முதலாளிகள், தொழிற்சங்கங்கள், அரசு என்று முத்தரப்பும் உட்காரும் கேரளத்தின் தோட்டத் தொழிலாளர் கமிட்டி அது.

அந்த மேஜையின் கணக்குக்கு இதே மாவட்டத்து மூணாறு சாட்சி. 2015 செப்டம்பரில் போனஸ் 20 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைந்ததும் தேயிலைத் தோட்டப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழர்கள். சங்கத் தலைவர்களை அருகிலேயே சேர்க்கவில்லை. ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் நாடெங்கும் தெரிந்தது அப்போதுதான். ஒன்பது நாள் போராட்டத்தில் போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் கிடைத்தது. 232 ரூபாய் நாள்கூலியை 500 ஆக்கும் கோரிக்கை மட்டும் கமிட்டிக்குப் போயிற்று. மீண்டும் வேலைநிறுத்தம். அக்டோபரில் முடிவு வந்தது: தேயிலைக்கு 301, ஏலத்துக்கு 330.

தேயிலையில் 69 ரூபாய் உயர்வு, கிட்டத்தட்ட 30 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஒப்பந்தத்தில், நாளொன்றுக்குப் பறிக்க வேண்டிய குறைந்தபட்சக் கொழுந்து 21 கிலோவிலிருந்து 25 கிலோவானது. வகுத்துப் பாருங்கள். கிலோவுக்கு 11 ரூபாய் 5 காசு, 12 ரூபாய் 4 காசாகிறது. 30 சதவீதம் 9 ஆகச் சுருங்கிவிட்டது! கூலியை மட்டும் பேசி, எடையைக் கோட்டைவிட்டதன் விலை இது.

ஏலத் தோட்டத்தில் இப்படி வகுப்பதுகூட எளிதல்ல. காய் நிறைந்த முதல் சுற்றில் கூடை சீக்கிரம் நிரம்பும். கடைசிச் சுற்றில் சரம் சரமாகத் தேட வேண்டும். அதே கூலி, அதே முதுகு. எனவே ஜீப்பில் ஏறுமுன் கங்காணியிடம் கேட்க வேண்டியது கூலி எவ்வளவு என்பதை மட்டுமல்ல: எது எத்தனையாவது சுற்று, எத்தனை மணி வரை, மருந்தடிப்பும் மூட்டை சுமப்பதும் சேர்த்தா, தனியா?