மக் அச்சு மெசின்: வாங்குமுன் சோதியுங்கள்

கண்டி டவுனில் படம் போட்ட மக் விற்பதைப் பார்த்து, நம் பிள்ளைகளும் சீட்டுக் காசில் விலை குறைந்த அச்சு மெசின் வாங்க நினைக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் கடையிலேயே ஓடவிட்டுப் பாருங்க என்கிறோம்.

சுமார் 180 முதல் 200 பாகை செல்சியஸ் சூட்டில் மை ஆவியாகி, மக்கின் மேற்பூச்சுக்குள் இறங்கும். பூச்சில்லாத சாதாரணக் கோப்பையில் நிற்காது.

கறுப்பு நிறத்தை மட்டும் மக்கைச் சுற்றி அச்சிடச் சொல்லுங்க. எங்காவது வெளிறினால் சூடோ அழுத்தமோ சமமில்லை. தொடர்ந்து 4, 5 மக் போட்டும் பாருங்க. முதலாவது மட்டும் நன்றாக வந்தால் போதாது.

230 வோல்ட்டுக்கானதா, எர்த் வயர் உண்டா என்றும் கேளுங்க. லயத்து வீட்டு வயரிங் பழசென்றால், மின்வேலை தெரிந்தவரிடம் காட்டிய பிறகே பிளக்கைச் சொருகுங்க. சீட்டுக் காசு லேசில் சேர்ந்ததல்ல.