அரிக்கமேடு யார் ஊர்?

வரலாற்றுப் பாடத்தில் "அரிக்கமேடு – ரோமானிய வணிகம்" என்று ஒரு வரி வரும். ரெண்டு மார்க்குக்காக எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். அது எங்கேயோ இல்லீங்க. மரக்காணத்தில் பஸ் ஏறி பாண்டிச்சேரியில் இறங்கி, கடலூர் ரோட்டில் இன்னும் 4 கிலோமீட்டர் போனால் அரியாங்குப்பம். அங்கே ஆற்றங்கரைத் தோப்பில் இருக்கிறது அந்த மேடு. அங்கு நிற்கும் செங்கல் தூண்களைப் பார்த்து ரோமானியர் கட்டியது என்று நினைச்சிடாதீங்க! அது 18-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரியார்கள் கட்டியது. பழைய ஊர் மண்ணுக்குள்ளே இருக்கிறது.

மழை பெய்தால் அந்த மேட்டில் மணிகள் வெளியே தெரியும். 1937-ல் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சு அறிஞர், ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கி வைத்திருந்த மணிகளையும் கற்களையும் விலைக்கு வாங்கினார். ஒரு கல்லில் மனிதத் தலை செதுக்கியிருந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்றார். இது ரோமானிய நகரமே என்றும் சொல்லிவிட்டார்.

1945-ல் மார்டிமர் வீலர் வந்து தோண்டினார். இங்கேதான் விஷயமே இருக்கு. உப்புப் பாத்தியில் அடியில் களிமண், மேலே உப்பு. அடியில் இருப்பதுதான் முதலில் வந்தது, இல்லையா? மேடும் அப்படித்தான், அடுக்கு அடுக்காக இருக்கும். அதில் ஒரு அடுக்கில் இத்தாலியில் அரெஸ்ஸோ பக்கம் செய்த சிவப்புத் தட்டின் உடைசல்கள் கிடைத்தன. அந்தத் தட்டு கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். அப்போ அதே அடுக்கில் கிடந்த நம்ம ஊர்ப் பானைக்கும் அதே வயசு! தென்னிந்தியாவில் மற்ற இடங்களில் அதே மாதிரிப் பானை கிடைத்தபோதும் காலம் சொல்ல முடிந்தது. உடைந்த தட்டு ஒரு காலண்டர் ஆகிவிட்டது. கூடவே ஒயினும் ஆலிவ் எண்ணெயும் வந்த ரெண்டு காது ஜாடிகளும் கிடைத்தன. மீன் சாறு கூட வந்ததாம். கருவாட்டுக் குழம்பு சாப்பிடும் நமக்கு வெளிநாட்டு மீன் சாறு!

ஆனால் ரோமானியர் வந்துதான் ஊர் உண்டாச்சா? 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மறுபடியும் தோண்டினார்கள். ரோமச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கு நம் மக்கள் குடியிருந்தது தெரிந்தது. ரோம வியாபாரம் குறைந்த பிறகும் ஊர் அழியவில்லை. பானை ஓடுகளில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. கண்ணாடியை உருக்கி, நீளக் குழாயாக இழுத்து, பொடிப்பொடியாக வெட்டி மணி செய்திருக்கிறார்கள். அந்த மாதிரி மணிகள் தென்கிழக்கு ஆசியா வரைக்கும் கிடைக்கின்றன. அப்படி என்றால் அது நம்ம ஊர்தானே? ரோமானியர் சரக்கு வாங்க வந்தவர்கள், அவ்வளவுதான்.

இன்னொரு சேதி. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வியாபாரி எழுதிய பெரிபிளஸ் என்ற நூலில் இந்தக் கரையின் மூன்று துறைமுகங்கள் வருகின்றன: கமரா, பொதுகே, சோபட்மா. பொதுகே அரிக்கமேடு என்கிறார்கள். சோபட்மா எது தெரியுமா? மரக்காணம் என்று ஆய்வாளர் பலர் சொல்கிறார்கள்! சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினமும் நம்ம ஊரே என்கிறார்கள்.

அதனால் அளத்தில் பாத்தி வெட்டும்போதோ கிணறு தோண்டும்போதோ கறுப்பு சிவப்பு ஓடு, மணி ஏதாவது தட்டுப்பட்டால் தூக்கி எறிய வேண்டாம். எந்த இடம், எத்தனை அடி ஆழம் என்று உடனே குறிச்சுக்கிட்டு நம்ம வரலாற்று சாரிடம் காட்டுங்க.