இரண்டெழுத்துக் காசு

யப்பானிய வாளின் கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையே, பிடித்த கை வழுக்கி அலகின்மேல் ஏறாதவாறு காக்கும் தகடொன்று உண்டு. அதனை அந்நாட்டார் 'ட்சுபா' என வழங்குவர். உள்ளங்கை அகலமுள்ள சிறு தகடு. நடுவே அலகு நுழைவதற்கு ஆப்பு வடிவான துளை. எஞ்சிய சிற்றிடத்திலே கொக்கையும் அலையையும் பைன் மரத்தையும் செதுக்கிவைத்தனர் அந்நாட்டுக் கொல்லர். 1876ஆம் ஆண்டிலே மெய்ஜி அரசு வாள் தரித்துத் திரிவதைத் தடைசெய்தபோது சாமுராய் வீரரின் இடை வெறுமையாயிற்று. பட்டறைகள் தொழிலிழந்தன. வாளிலிருந்து கழன்ற தகடுகள் கப்பலேறி மேனாடுகளுக்குச் சென்றன. பொஸ்ரன் நகரத்து நுண்கலை நூதனசாலையிலும், இலண்டனில் விக்ரோறியா அல்பேட் நூதனசாலையிலும் அவற்றை இன்று பெருந்தொகையாகக் காணலாம். தனியார் கையிற் கிடந்தவை இணையத்து ஏலங்களில் நாள்தோறும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

இச்செய்தி யாழ்ப்பாணத்தார்க்கு எற்றுக்கு என்று அன்பர்கள் வினவலாம். அத்தகைய ஏலங்களிலே நம் வீட்டுப் பொருளுக்கும் விலை கூறப்படுகின்றது என்பதே விடை.

அப்பொருள் சேதுக் காசு. நல்லூரிலிருந்து அரசு செலுத்திய ஆரியச் சக்கரவர்த்திகள் வெளியிட்ட செப்புக் காசு அது. ஒரு புறத்தே நின்ற கோலத்தில் அரசன் உருவம். மறு புறத்தே படுத்திருக்கும் காளை, அதன் மேலே பிறை, கீழே 'சேது' என்ற இரண்டெழுத்துத் தமிழ்ச் சொல். காளைக்குப் பதிலாக அமர்ந்த உருவமும் அருகே அதே சொல்லும் உடைய வகையும் உண்டு. அரசன் பெயர் இல்லை, ஆண்டு இல்லை, அடித்த ஊரின் பெயரும் இல்லை. செகராசசேகரன், பரராசசேகரன் என்று மாறி மாறிச் சிங்காசனப் பெயர் பூண்ட அம்மன்னர் வரிசையிலே எவன் வெளியிட்ட காசு இது என்று அக்காசைக் கேட்டால் அது வாய் திறவாது.

யப்பானியத் தகட்டின் நிலை வேறு. பல தகடுகளிலே நடுத்துளையின் அருகில் செய்தவன் பெயர் வெட்டப்பட்டிருக்கும். சிலவற்றில் அவன் வாழ்ந்த ஊரும் இருக்கும். பெயரில்லாத தகட்டையும் இரும்பின் நிறத்தையும் செதுக்கலின் போக்கையும் கண்டு இன்ன மரபினது என்று கூறவல்ல அறிஞர் அங்கே உளர். 1948இல் நிறுவப்பட்ட வாட்கலைப் பாதுகாப்புச் சங்கம் அவற்றை ஆராய்ந்து பத்திரமும் வழங்கி வருகின்றது. ஆகவே வாளை இழந்து, நாட்டை விட்டு, நான்கு கைகள் மாறிய பின்னரும் ட்சுபா தன் குலத்தைத் தானே சொல்லும். நம் காசுக்கு அப்பேறு இல்லை. அது எந்த மண்ணிற் கிடந்தது என்பதே அதற்குள்ள பெருஞ்சாட்சி.

இச்சாட்சியின் அருமையை உணர்த்தும் வழக்கொன்று நம் வரலாற்றிலேயே நடந்திருக்கின்றது. சேது என்ற சொல்லைக் கண்ட மாத்திரத்தே, இவை இராமநாதபுரத்துச் சேதுபதிகளின் காசுகள் என்று கருதினோர் முன்னாளில் இருந்தனர். கருத்திலும் நியாயம் இல்லாமலில்லை. சேதுவைக் காத்த பெருமைக்கு அவர்களும் உரியரல்லரோ? நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் 1920இல் 'சிலோன் அன்ரிகுவரி' இதழிலே யாழ்ப்பாண மன்னரின் மறக்கப்பட்ட நாணயங்கள் என்ற பொருளில் ஆங்கிலக் கட்டுரையொன்று எழுதினார். 1924இல் கொட்றிங்ரன் இலங்கை நாணயங்கள் பற்றிய தமது பெருநூலை வெளியிட்டார். 1926இல் முதலியார் இராசநாயகத்தின் 'பண்டைய யாழ்ப்பாணம்' என்ற ஆங்கில நூல் வந்தது. இக்காசுகள் யாழ்ப்பாண அரசினவே என்ற முடிபு இத்தகையோர் உழைப்பினால் நிலைபெற்றது.

ஆரியச் சக்கரவர்த்திகள் சேதுகாவலர் எனப் பட்டம் பூண்டனர் என்பதும், கேகாலைப் பகுதியிலுள்ள கோட்டகமக் கல்வெட்டிலே சேது என்ற சொல் மங்கலமாக வருகின்றது என்பதும், நந்தியே அம்மன்னரின் கொடிச்சின்னம் என்பதும் இம்முடிபுக்குத் துணை நின்றன. ஆயினும் பட்டமும் கொடியும் வாதத்துக்கு உரியவை, எதிர்வாதம் செய்யலாம். வாதத்தால் அசைக்க அரியது, இக்காசுகள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மண்ணிலே மிகுதியாகக் கிடைத்தன என்ற செய்தி. தோட்டம் கொத்தியவனும் கிணறு வெட்டியவனும் கண்டெடுத்தவை அவை. இன்ன ஊரில் எடுத்தது என்று யாரோ ஒருவர் சொல்லிவைத்தமையாலேயே நாம் வழக்கில் வென்றோம்.

இனி ஏலத்தைப் பார்ப்போம். நம் மீன்சந்தையிலே கூறி விற்பவர் நின்று கூவுவார். வாங்குவோர் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பர். மீன் எந்தக் கரையில் ஏறியது என்று கேட்டால் மறுமொழி கிடைக்கும். இணைய ஏலத்திலே முகமும் இல்லை, கரையும் இல்லை. விரும்புவோர் தம் உச்ச விலையை முன்கூட்டியே குறித்துவிட்டு உறங்கப் போகலாம். எதிராளி ஏற்றுந்தோறும் இயந்திரமே அவர் பேரில் ஒரு படி உயர்த்திக்கொண்டு போகும். பழந்தின்று கொட்டை போட்டவர்களோ அவ்வாறு செய்யார். முடிவுநேரத்துக்குச் சில விநாடி இருக்கும்வரை மூச்சுக் காட்டாதிருந்து, கடைசிக் கணத்தில் ஒரு விலையைப் போட்டுக் கொத்திக்கொண்டு போவர். பொருளின் விவரம் என்று அங்கே எழுதப்படுவது யாது? நிறை, குறுக்களவு, இரு புறத்துப் படம், தேய்மானம். இடம் என்ற வினாவுக்கு, "பழைய சேமிப்பொன்றிலிருந்து" என்ற ஒரே விடை. எவருடைய சேமிப்பு, எந்த ஊர், எந்தக் காலம்? அவற்றைச் சொன்னால் விலை கூடவும் மாட்டாது. சொல்லாவிட்டால் பெரும்பாலும் எவரும் கேட்பதும் இல்லை.

ஒரு பானையிலே சேர்ந்து கிடந்த காசுகள் தனித்தனியாக விற்கப்படும்போது நேரும் இழப்பு இன்னும் பெரிது. ஆண்டு பொறிக்காத காசின் காலத்தை அதனோடு கிடந்த பிற காசுகளைக்கொண்டே ஓரளவு கணிக்கலாம். சேதுக் காசோடு பொலனறுவை மன்னர் காசு கிடந்ததா, விசயநகரக் காசு கிடந்ததா, ஒல்லாந்தர் காசு கிடந்ததா என்பதைப் பொறுத்து வரலாறே மாறும். பானையைக் கலைத்துத் தனித்தனியே இலக்கமிட்டு ஏலத்தில் ஏற்றியபின் அக்கூட்டத்தை மீண்டும் சேர்ப்பது எவராலும் ஆகாது.

சேகரிப்போரை மொத்தமாகத் தூற்றுதல் என் கருத்தன்று. அவர்கள் இல்லையேல் இவற்றிற் பல செம்பு விலைக்குப் பட்டறையிற் போய் உருகிப் பாத்திரமாகியிருக்கும். நீதிபதியாக இங்கு இருந்த போல் பீரிஸ், கந்தரோடையிற் கிடைத்த காசுகளையும் மணிகளையும் திரட்டியிராவிட்டால் அவ்வூரின் தொன்மை பற்றி நாம் அறிந்தது மிகக் குறைந்திருக்கும். அவர் தாம் கண்டவற்றை அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையிலே எழுதியும் வைத்தார். சேகரிப்போன் என்ற பெயர் அத்தகையோர்க்கே முற்றும் பொருந்தும். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் நம்மவர் ஒருவர், இழந்த ஊரின் நினைவாக ஒரு சேதுக் காசை ஏலத்தில் எடுத்தால் அவர் நெஞ்சின் ஏக்கம் எனக்கு விளங்காமலில்லை. அக்காசு இந்நாட்டை விட்டு எவ்வாறு போயிற்று என்ற வினாவையும் அவர் விற்பவரிடம் கேட்கவேண்டும். விடை வராவிடின் கையை மடக்கிக்கொள்ளவேண்டும்.

ஏனெனில் சட்டம் இதிலே தெளிவானது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டமும், அதனைத் திருத்திய 1998ஆம் ஆண்டின் சட்டமும் அனுமதிப் பத்திரமின்றித் தொல்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதைத் தடுக்கின்றன. 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டதெல்லாம் தொல்பொருள் என்ற கணக்கிலே, 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த அரசின் காசு ஐயத்துக்கு இடமின்றி அடங்கும். பிரித்தானியர் காலத்திலே, அச்சட்டத்துக்கு முன் போனவையும் உண்டு. எது முன் போனது, எது போர்க்காலத்துக் குழப்பத்திலே போனது என்று இடமும் காலமும் எழுதாத ஏலப் பட்டியலைக்கொண்டு பிரித்தறிவது எங்ஙனம்?

கடல் கடந்து போனவை நிற்க. இன்னும் குடாநாட்டின் வீடுகளிலே, தாத்தாவின் தகரப்பெட்டியிலும் சாமியறைச் செம்பிலும் கிடப்பவை உண்டு. மாணவர் அத்தகைய காசொன்றைப் பாடசாலைக்குக் கொண்டுவந்து காட்டினால், அதனைப் புளியிட்டுத் துலக்கவேண்டா என்று ஆசிரியர் முதலிற் சொல்வாராக. துலக்கினால் எழுத்தும் போய்விடும். பின்பு ஒரு தாளிலே, யார், எப்பொழுது, எங்கே எடுத்தார் என்று கேட்டு எழுதுவாராக. நம் நாட்டிலே ஒவ்வொரு காணித் துண்டுக்கும் உறுதியிலே ஒரு பெயர் உண்டு. புலம் என்றும் வளவு என்றும் சீமா என்றும் முடியும் அப்பெயர்கள் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளிலும் காணப்படுவன. ஊரின் பெயரோடு அக்காணியின் பெயரையும் சேர்த்து எழுதி, காசையும் தாளையும் நாவலர் வீதியிலுள்ள நூதனசாலையிலே காட்டலாம். பாட்டனார் இருக்கும்போதே கேட்டால்தான் காணியின் பெயர் கிடைக்கும்.